பெப்டோன் செய்த வேலை

மைக் இல்லாமலே கேட்கிறதல்லவா? சரி. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கொட்டியதும், 1956இல் நோய் வெளியே தெரியவந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்த விரிகுடாச் சேற்றில் சாகாமல் கிடந்த பாக்டீரியாக்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பேசிலஸ் மெகாடேரியம் எம்பி1 என்ற வகையை அங்கிருந்துதான் பிரித்தெடுத்தார்கள்.

இவை பாதரசத்தை வாசலிலேயே தடுத்து நிறுத்துவதாக நினைப்போம். அதுதான் இல்லை, உள்ளே கூப்பிடுகின்றன! மெர்-டி (MerT) என்ற புரதம் அயனியைச் சவ்வு தாண்டிக் கொண்டுவர, மெர்-ஏ என்ற நொதி அதற்கு இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்து உலோகப் பாதரசமாக்கிவிடும், அது ஆவியாகிப் போய்விடும். மெர்-ஏ மரபணுவை மட்டும் எடுத்துவிட்டால் சாதாரண பாக்டீரியாவுக்கும் முன்னால் இது செத்துப்போகும்.

குழித்தட்டில் பாக்டீரியாவையும் பாதரசக் குளோரைடையும் விட்டு, இருட்டில் மேலே எக்ஸ்ரே ஃபிலிமை மூடிவைத்தால், ஆவி பட்ட இடமெல்லாம் வட்ட வட்டமாகக் கறுத்திருக்கும். பார்க்கவே அழகு.

அப்புறம் என் சொந்தக் கூத்து. மாணவனாக இருந்தபோது ஆற்று வண்டலில் கிடைத்த ஒரு வகையை, பெப்டோனும் (பாதி செரித்த புரதம்) ஈஸ்ட் சாறும் போட்ட கொழுத்த வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்து, எவ்வளவு பாதரசம் விட்டாலும் சாகவில்லை என்று குதித்துக்கொண்டிருந்தேன். என் வழிகாட்டி பக்கத்துக் குடுவையைக் காட்டினார். எதிர்ப்பே இல்லாத ஈ.கோலை பாக்டீரியாவும் அதில் ஜம்மென்று கலங்கி வளர்ந்திருந்தது. வெறும் உப்புகளும் கொஞ்சம் குளுக்கோஸும் உள்ள ஊடகத்தில் திரும்பச் செய்தேன். பழைய அளவில் சிறு பங்குக்கே இரண்டு குடுவையும் தண்ணீர் மாதிரித் தெளிந்து கிடந்தன.

பெப்டோனில் உள்ள கந்தகம்தான் பாதரசத்தைப் பிடித்துவைத்திருந்தது. இந்த ஒட்டுறவு நம் சித்த மருத்துவர்களுக்குப் புதிதல்ல, சாதிலிங்கம் என்பதே பாதரசமும் கந்தகமும் சேர்ந்ததுதானே.

ஆறும் ஏரியும் கடலும் இதையே செய்கின்றன. மக்கிய இலைதழையிலிருந்து கரைந்து வரும் கரிமப் பொருளில் கந்தகக் கைகள் உண்டு. குளோரைடு கொஞ்சமாக இருக்கும் நீரில் மின்னேற்றம் இல்லாத பாதரசக் குளோரைடு உருவாகி, சவ்வுக்குள் சுலபமாக நழுவிவிடும். கடல்நீரிலோ லிட்டருக்கு 19 கிராம் போல குளோரைடு. அங்கே மூன்று நான்கு குளோரைடுகள் ஒட்டி எதிர்மின்னேற்றம் வந்துவிடுவதால் அதே பாதரசம் நுழையத் திணறும். நீர் சற்று அமிலமானாலும் உள்ளே போகும் அளவு கூடுவதை ஏரி நீரில் பார்த்திருக்கிறார்கள். ஆக, பாதரசம் ஒரே பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), ஒரே பாக்டீரியா, ஆனால் நீருக்கு நீர் முடிவு வேறு.

எனக்கு இதில் உறுத்துவது இன்னொன்று. உள்ளே நுழையாத பாதரசம் பாக்டீரியாவைக் கொல்லாது, வாஸ்தவம்தான். ஆனால் மெர்-ஆர் என்ற காவல்காரப் புரதத்தையும் அது எழுப்பாது. அவன் எழாவிட்டால் மெர்-ஏ உருவாகாது, ஆவியாக்கும் வேலையும் நடக்காது. சுத்தம் செய்ய என்று எதிர்ப்புள்ள பாக்டீரியாவைக் குளத்தில் விட்டு, அது செழிப்பாக வளர்கிறது, பாதரசம் மட்டும் குறையவில்லையே என்று தலையைச் சொறிவதில் பொருளில்லை.

கடைசியாக ஒன்று. அந்த ஃபிலிம் சோதனையை யாராவது செய்வதானால் புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள். பாக்டீரியா வெளியே தள்ளிய ஆவி, மூடியைத் திறந்ததும் உங்கள் மூக்குக்குத்தான் வரும்.