பங்குக் கிணறு

சபையோருக்கு வணக்கம்.

கொழும்பு வெள்ளவத்தையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, மாத முடிவில் பில் வருகிறது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்ணீரோடு உள்ள உறவு அவ்வளவுதான். அவர்களை நினைத்துத்தான் யாழ்ப்பாணத்து ஊர்க்கிணறுகளைப் பற்றிப் பேச வந்தேன்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே அதிகம் இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும்.

அந்தக் கல்லை உடைத்துக் கிணறு வெட்டுவது லேசான வேலையா? ஒரு கிணற்றில் பல குடும்பங்களுக்குப் பங்கு இருந்தது. பழைய காணி உறுதிகளில், அதாவது நிலப் பத்திரங்களில், கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும் எழுதப்பட்டிருக்கும். இறைப்புக்கு முறை வைத்தார்கள். ஒருவர் தண்ணீர் இறைக்கும் ஏற்றமரமான துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் தண்ணீர் அள்ளிவரும் பனையோலைப் பட்டையை வாய்க்காலில் கவிழ்ப்பார். இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் கட்டுவார். துவைகல்லில் இருந்து ஓடும் தண்ணீர்கூட வாழைக்குத்தான் போகும். தெருவோரக் கிணறு என்றால் பக்கத்தில் மாட்டுக்குத் தொட்டி, அது உடம்பை உரஞ்ச நட்ட ஆவுரஞ்சிக்கல்.

சரி, இதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் அது பொய்யாகிவிடும். அதே கிணற்றடியில், சாதியின் பேரால் கயிற்றைத் தொட விடாமல் வெறுங்குடத்தோடு காக்க வைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். யாராவது அள்ளி ஊற்றினால்தான் அவர்களுக்குத் தண்ணீர். சாதியின் பேரால் இப்படி ஒதுக்குவதைக் குற்றமாக்கி 1957இல் சட்டம் வந்தது. அப்புறமும் போராட வேண்டியிருந்தது. கிணற்றடியின் பெருமையை எழுதுகிறவர்கள் இதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு மோட்டர் வந்தது. வீட்டுக்கு வீடு கிணறு வந்தது, முறை போனது. ஆனால் அடியில் இருப்பது இன்றைக்கும் பங்குத் தண்ணீர்தான். ஒருவர் தோட்டத்தில் கொட்டும் யூரியாவும், ஒரு வீட்டு மலக்குழிக் கசிவும் அடுத்த வளவுக் கிணற்றில் நைத்திரேற்றாக வந்து நிற்கின்றன.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாழடைந்த பங்குக் கிணற்றைக் குப்பை போட்டு மூடாதீர்கள். உறுதியை எடுத்து யார் யாருக்குப் பங்கு என்று பாருங்கள். ஊரில் மூத்தவர்களிடம் யார் அள்ளினார்கள், யாரை அள்ள விடவில்லை என்று கேட்டு, இரண்டையும் எழுதி வையுங்கள்.