வீட்டுக்கு வீடு வாசப்படி

அவைத் தலைவர் அவர்களே, பிரிக்பீல்ட்ஸ் நெரிசலையும் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையை அலங்கரிக்கும் மதிப்பிற்குரிய டத்தோ அவர்களே, டத்தோவை அழைத்து வந்த ஆலயத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்ட கவிஞர் அண்ணன் அவர்களே, பின்னால் தயாராகும் மீ கோரேங் வாசனையில் பாதி மனத்தை விட்டுவிட்டு மீதியோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

தொலைக்காட்சியில் குடும்ப நகைச்சுவை என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்தி சொல்லப் போகிறேன். ஒரே ஜோக் திரும்பத் திரும்ப வந்தும் ஏன் அலுப்பதில்லை? உருப்படாத குடும்பம்தான் ஏன் நம்மைச் சிரிக்க வைக்கிறது? நம்ம சீரியல் மாமியார்கள் மட்டும் ஏன் சிரிப்பதே இல்லை?

வீட்டுக்கு வீடு வாசப்படி என்பார்கள். அமெரிக்காவிலும் அதே வாசப்படிதான். 2003இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ‘அரெஸ்டட் டெவலப்மென்ட்’ என்று ஒரு தொடர் வந்தது. ப்ளூத் என்கிற பணக்காரக் குடும்பம். வீடு கட்டி விற்பது தொழில். முதல் கதையிலேயே அப்பா கைதாகிறார். அம்மா வாயைத் திறந்தால் குத்தல். மூத்த மகன் மேஜிக் செய்கிறேன் என்று அலைகிறான். கடைக்குட்டி, ஆள் வளர்ந்தும் அம்மா முந்தானையை விடவில்லை. மைக்கேல் என்கிற ஒரு மகன் மட்டும் இதுகளைக் கட்டி மேய்க்கிறான்.

ஜெயிலில் இருக்கும் அப்பா மகனிடம் சொல்கிறார், “நம்ம வாழைப்பழக் கடையில எப்பவும் பணம் இருக்கு.” பார்க்கும்போதெல்லாம் அதையே சொல்கிறார். கிழவர் புத்திமதி சொல்கிறார் என்று நினைத்து, ஒருநாள் கோபத்தில் மகன் அந்தக் கடையையே கொளுத்திவிடுகிறான். பிறகுதான் தெரிகிறது, சுவருக்குள் 250,000 டாலர் நோட்டாக இருந்திருக்கிறது! ஜோக் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? அந்த வீட்டில் ஒருத்தர் சொல்வதை ஒருத்தர் காது கொடுத்துக் கேட்பதில்லை. முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் பதில் அதுதான்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. செந்தூலில் பெரியப்பா ஓர் ஏணி வைத்திருந்தார். சித்தப்பா கூரை ஒழுகுது என்று இரவல் வாங்கிப் போனார். அவ்வளவுதான், ஏணி திரும்பவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்குத் தட்டை நீட்டினால் பெரியப்பா கேட்பார், “முறுக்கு இருக்கட்டும், ஏணி எங்க?” பேச்சுவார்த்தை நின்றது. பிறகு எங்களை விட்டுக் கேட்பார், “டேய், உன் சித்தப்பன்கிட்ட ஏணி எங்கன்னு கேளு.” சித்தப்பா முந்திக்கொண்டு, “ஏணி சுகமா இருக்குன்னு சொல்லு!” என்பார். கேதத்துக்குப் போன இடத்தில்கூட, அழுது முடித்துவிட்டு, ஏணி. கடைசியில் பெரியப்பா மகள் கல்யாணத்தில், மேடைக்கு ஆறடி நீளத்தில் ஒரு பரிசு வருகிறது. பளபளவென்று காகிதம், நடுவில் சிவப்பு ரிப்பன், இரண்டு பேர் தூக்கி வருகிறார்கள், பின்னால் சித்தப்பா கைகூப்பிக்கொண்டு. மண்டபமே எழுந்து நிற்கிறது. பெரியப்பா காகிதத்தைக் கிழித்தார், மேலும் கீழும் பார்த்தார், மாப்பிள்ளை வீட்டார் காது கேட்கச் சொன்னார், “இது என் ஏணி இல்லை.”

சிரிக்கிறீர்கள். வீட்டுக்கு வீடு வாசப்படி, உங்கள் வீட்டிலும் ஓர் ஏணி உண்டு. ஆனால் அதை யார் எழுதுகிறார்கள்? அந்த அமெரிக்கத் தொடரைப் பல எழுத்தாளர்கள் ஓர் அறையில் கூடி உட்கார்ந்து எழுதினார்கள். முதல் வாரம் போட்ட விதை பத்தாம் வாரம் முளைக்க வேண்டும் என்றால் கூடி உட்கார இடம் வேண்டும். 2004இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது வாங்கியது. பார்ப்பவர் குறைவு என்று 2006இல் நிறுத்தினார்கள். 2013இல் நெட்ஃபிளிக்ஸ் தேடிப்போய் மறுபடி எடுத்தது.

நம் பிள்ளைகளிடம் கதை இல்லையா? செந்தூலும் கிள்ளானும் ஈப்போவும் கதையாகத்தானே கிடக்கிறது! இல்லாதது அறை. டத்தோ அவர்களே, இதே மண்டபத்தின் மாடியில் ஓர் அறை பழைய பிளாஸ்டிக் நாற்காலிகளுக்காகப் பூட்டிக் கிடக்கிறது. போன கூட்டத்திலும் கேட்டேன், அதற்கு முந்திய கூட்டத்திலும் கேட்டேன். நாற்காலிகளைக் கீழே இறக்கி, மாதம் ஒரு ஞாயிறு அதைத் தமிழ் நகைச்சுவை எழுதும் இளைஞர்களுக்குத் திறந்துவிடுங்கள். மின்கட்டணத்துக்கு நாங்கள் உண்டியல் வைக்கிறோம்.

மாமியாரைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் இரண்டாவது துண்டுச்சீட்டும் அனுப்பிவிட்டார். எழுத ஆர்வமுள்ள தம்பி தங்கைகள் சாப்பாட்டு வரிசைக்குப் போவதற்கு முன், வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு இருக்கும் செயலாளர் அக்காவிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.