ஆறு ஆட்டங்கள், ஒரு கூலிங் பேட், நானும் என் லேப்டாப்பும்

வணக்கம். இந்தச் சேனலை நெடுநாளாகப் பார்ப்பவர்கள், மேசையில் என் டீ டம்ளர் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அது வழக்கமாக இருக்கும் இடத்தை இன்று ஒரு கூலிங் பேட் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்; முதலில் என் எரிச்சலைச் சொல்லிவிட வேண்டும்.

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் செயற்கை நுண்ணறிவைப் பற்றி வகுப்பெடுக்க வந்த ஒருவர், மனிதனும் கணினியும் கைகோத்தால் தனிக் கணினியை எப்போதும் வெல்வார்கள் என்றும், அதற்குச் சதுரங்கமே சாட்சி என்றும் ஒரு ஸ்லைடைப் போட்டுக் காட்டினார். ஸ்லைடில் இரண்டு இளைஞர்களின் கதை இருந்தது, ஆண்டு மட்டும் இல்லை. கைதட்டல் பலமாக இருந்தது. எனக்கோ அந்த 'எப்போதும்' என்ற ஒரு சொல் அன்று இரவு முழுவதும் காதில் கொசுவைப் போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்தக் கதை பொய்யில்லை. அது நடந்தது 2005-இல், இணையத்தில் நடந்த ஒரு ஃப்ரீஸ்டைல் போட்டியில். யாரும் யாருடனும் சேரலாம், எத்தனை கணினியையும் எந்த எஞ்சினையும் (சதுரங்கம் ஆடும் மென்பொருளை) பயன்படுத்தலாம் என்பதே விதி. கிராண்ட்மாஸ்டர்கள் கணினிகளோடு வந்தார்கள். கடைசியில் கோப்பையைத் தட்டிச் சென்றது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஸ்டீவன் கிராம்டன், ஜாக்கரி ஸ்டீபன் என்ற இரண்டு அமெச்சூர்கள். ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் ரேட்டிங் எண் ஒருவருக்கு 1685, மற்றவருக்கு 1398. நம் ஊர் மாவட்டப் போட்டியில் இந்த ரேட்டிங்கோடு உட்கார்ந்தால் எதிரே இருக்கும் பத்து வயதுப் பையன் சாக்லேட் தின்றுகொண்டே நம்மை முடித்துவிடுவான். அவர்கள் கையில் இருந்தவை கடையில் கிடைக்கும் மூன்று சாதாரணக் கணினிகளும், ஃபிரிட்ஸ், ஷ்ரெடர், ஜூனியர், டைகர் போன்ற எஞ்சின்களும்தான்.

ஒன்றை விட்டுவிட்டேன், அதைச் சொல்லாமல் போனால் கதையின் உப்பே போய்விடும். அதே போட்டியில் ஹைட்ராவும் இருந்தது. அபுதாபியின் ஆதரவில் கட்டப்பட்ட தனி வன்பொருள் இயந்திரம் அது. அந்த ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் மைக்கேல் ஆடம்ஸை ஆறு ஆட்டங்களில் ஐந்தரைக்கு அரை என்று அது நசுக்கியது. உலகின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவருக்கு ஆறு ஆட்டங்களில் கிடைத்தது ஒரே ஒரு டிரா. அப்படிப்பட்ட ஹைட்ரா, ஃப்ரீஸ்டைல் போட்டியில் காலிறுதிக்கே வரவில்லை. அஞ்சல் வழிச் சதுரங்க கிராண்ட்மாஸ்டரான ஜெர்மானியர் ஆர்னோ நிக்கல், கணினித் துணையோடு மாதக்கணக்கில் யோசித்து ஆடி, அதே ஹைட்ராவை இரண்டு ஆட்டங்களில் தோற்கடித்தும் இருக்கிறார்.

ஆகவே அன்று கூட்டணி வென்றது உண்மை. ஏன் வென்றது என்பதைத்தான் அந்த ஸ்லைடு சொல்லவில்லை. அந்த இரண்டு இளைஞர்களும் எஞ்சினைவிட நன்றாக ஆடியதால் வெல்லவில்லை. எந்த எஞ்சின் எந்த மாதிரியான நிலையில் பொய் சொல்லும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இது தாக்குதலில் கெட்டி, அது காய்கள் குறைந்த கடைசிக் கட்டமான எண்ட்கேமில் சொதப்பும், இன்னொன்று சிப்பாய்கள் முட்டிப் பூட்டிய நிலையில் தடுமாறும் என்று வீட்டில் பல நாள் ஆடிப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார்கள். நான்கு எஞ்சின்கள் நான்கு பதில் சொன்னால் எதை நம்புவது என்பதே அவர்களுடைய ஆட்டம். பஞ்சாயத்தில் நான்கு பேரும் நான்கு விதமாகப் பேசினால்தானே நாட்டாமைக்கு வேலை?

இதற்கும் முன்னால், 1998-இல், ஸ்பெயினின் லியோன் நகரத்தில் உலகச் சாம்பியனாக இருந்த காஸ்பரோவ்தான் இந்த முறையைத் தொடங்கி வைத்தார். அவரும் பல்கேரிய கிராண்ட்மாஸ்டர் டோபலோவும் ஆளுக்கொரு கணினியோடு அமர்ந்தார்கள். ஒரு மாதம் முன்னால் கணினி இல்லாமல் நடந்த ரேபிட் (குறைந்த நேர) ஆட்டங்களில் டோபலோவை 4–0 என்று துவைத்தெடுத்த காஸ்பரோவ், கணினிகள் வந்தவுடன் 3–3 என்று சமனில் முடித்தார். கணினி வந்ததும் டோபலோவ் கணக்கில் பிழை விடுவது நின்றுபோனதால் காஸ்பரோவின் மேலாதிக்கம் கரைந்துபோயிற்று. அடுத்த ஆண்டு அதே ஊரில் நம் சென்னை ஆனந்த், இன்னொரு உலகச் சாம்பியனான கார்ப்போவை 5–1 என்று தோற்கடித்தார். கணினியை இயக்குவதில் ஆனந்துக்கு இருந்த கைவேகம் கார்ப்போவுக்குக் கிடையாது. இந்த ஒரு முடிவை நான் எத்தனை காணொளிகளில் சொல்லிவிட்டேன் என்று கருத்துப் பகுதியில் எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு: ஆம், இன்றும் சொல்லிவிட்டேன்.

சரி, ஸ்லைடுக்குப் பதிலாக நானே ஆடிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். என் மேசைக் கணினியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் தனியாக ஆடும். லேப்டாப்பில் ஸ்டாக்ஃபிஷ், லீலா என்ற இரண்டு எஞ்சின்களையும் வைத்துக்கொண்டு நான் ஆடுவேன். ஆட்டத்துக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 வினாடி கூடுதல். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு ஆட்டங்கள்.

முதல் ஞாயிறு, முதல் ஆட்டம், 14-ஆம் நகர்த்தலிலேயே லேப்டாப்பின் வெப்பம் 94 டிகிரியைத் தொட்டது. சூடானால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் எஞ்சின் ஆழமாகப் பார்க்காது. பாதி ஆட்டத்தில் எழுந்து ஓடி, பக்கத்துத் தெருக் கடையில் 1,850 ரூபாய் கொடுத்து இந்தக் கூலிங் பேடை வாங்கி வந்தேன். அட்டைப்பெட்டியில் ஐந்து மின்விசிறிகள் என்று போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் சுற்றுவது மூன்று, மற்ற இரண்டும் வெறும் பிளாஸ்டிக் அச்சு. வெப்பம் 94-லிருந்து 90-க்கு இறங்கியது. நான்கு டிகிரிக்கு 1,850 ரூபாய் என்றால் டிகிரிக்கு 462 ரூபாய் 50 காசு. திருப்பிக் கொடுக்கப் போனபோது, பிரித்த பெட்டியை எடுக்க மாட்டோம் என்றார்கள். பிரிக்காமல் மின்விசிறியை எண்ணுவது எப்படி என்று நான் கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. லேப்டாப்பின் அடியில் நான்கு பாட்டில் மூடிகளை வைத்து உயர்த்தினால் இதே நான்கு டிகிரி இறங்கும் என்று என் தங்கை அன்று மாலை நிரூபித்துக் காட்டினாள். அதைப் பற்றி நான் மேலும் பேச விரும்பவில்லை.

அந்த முதல் ஆட்டம் டிரா. இரண்டாவதில்தான் அவமானம். கிங்ஸ் இந்தியன் திறப்பு, கறுப்பு எனக்கு. 21-ஆம் நகர்த்தலில் லேப்டாப்பில் இருந்த இரண்டு எஞ்சின்களும் யானையை ஒரு கட்டம் ஓரமாக வைக்கச் சொல்லின. பார்க்கச் சகிக்காத, கூழைக்கும்பிடு போடுவது போன்ற நகர்த்தல். என் ரத்தத்தில் ஊறிய ஆட்டமோ ராஜாவின் பக்கம் ஜி-சிப்பாயைத் தள்ளித் தாக்குவது. தள்ளினேன். எஞ்சினின் மதிப்பில் (1 என்றால் ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு) வெள்ளைக்கு 0.6 என்று இருந்த சாதகம் ஒரே நகர்த்தலில் 1.8 ஆயிற்று. அதன் பிறகு எஞ்சின் சொன்னதையே கீழ்ப்படிந்து ஆடியும் 58-ஆம் நகர்த்தலில் தோற்றேன். ஆறு ஆட்டங்களில் நான் முழு மனதோடு எஞ்சினை மீறியது இரண்டே முறை. அதில் ஒன்று இது.

மற்றொன்று என் வெற்றி. வெற்றி என்றால் டிராதான், ஆனாலும் கேளுங்கள். ஐந்தாவது ஆட்டத்தில் எதிரி மெல்ல மெல்ல என் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. முதல் பரிந்துரைக்கு லேப்டாப் கொடுத்த மதிப்பு மைனஸ் 0.9 (மைனஸ் என்றால் எனக்குப் பாதகம்), பட்டியலில் நான்காவதாக, மைனஸ் 1.9 மதிப்போடு, என் யானையைக் கொடுத்து அதன் பிஷப்பை வாங்கும் ஒரு நகர்த்தல் இருந்தது. கணக்குப்படி அது நஷ்டம். ஆனால் அதை ஆடினால் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிப்பாய்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றுவிடும், எதிரியின் யானைகளுக்கு உள்ளே புக ஒரு வாசல்கூட இருக்காது என்று எனக்குத் தோன்றியது. கை நடுங்க ஆடினேன். மேசைக் கணினி தனக்கு 2.1 சாதகம் என்று காட்டிக்கொண்டே, யானையை இடமும் வலமுமாக, கோயில் யானை தெருச் சுற்றுவதைப் போல நடத்தியது. சிப்பாயும் நகராமல் காயும் வெட்டுப்படாமல் 50 நகர்த்தல்கள் கடந்தன, விதிப்படி டிரா. நான் எழுந்து நின்று கைதட்டியதைப் பதிவில் பார்ப்பீர்கள், வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை, நேர்மைக்காக, அதே நிலையிலிருந்து லேப்டாப்பின் முதல் பரிந்துரையை நான் தலையிடாமல் நான்கு முறை ஓடவிட்டுப் பார்த்தேன். நான்கும் டிரா.

ஆக ஆறு ஆட்டங்களின் கணக்கு: ஐந்து டிரா, ஒரு தோல்வி. தோல்வி என்னால் வந்தது, டிரா எதுவும் என்னால் வரவில்லை. இதில் எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் என்னைவிடப் பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2014-இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிக்காரு நக்கமுரா ஸ்டாக்ஃபிஷோடு நான்கு ஆட்டங்கள் ஆடினார். முதல் இரண்டில் அவருக்குப் பழைய ரைப்கா எஞ்சினின் துணை இருந்தது. மற்ற இரண்டில் ரைப்கா இல்லை, பதிலாக எதிரி ஒரு சிப்பாய் குறைவாக ஆடும் சலுகை. அவருக்குக் கிடைத்தது இரண்டு டிரா, இரண்டு தோல்வி. எதிரி எஞ்சினுக்குத் தொடக்க நகர்த்தல்களைச் சேர்த்து வைத்த திறப்பு நூலும் இல்லை, கடைசிக் கட்டத்துக்கு விடை வைத்திருக்கும் எண்ட்கேம் அட்டவணையும் இல்லை. அவரைப் போன்ற ஓர் ஆட்டக்காரர் கூட இருந்தும், பழைய எஞ்சினுக்கும் புதிய எஞ்சினுக்கும் இடையில் இருந்த பள்ளத்தை அடைக்க முடியவில்லை.

மாறியது மனிதன் அல்ல, எஞ்சின்களின் பஞ்சாயத்துதான் கலைந்துவிட்டது. 2017-இல், தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்ட நரம்பியல் வலை எஞ்சினான ஆல்ஃபாஜீரோ வந்து நூறு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஸ்டாக்ஃபிஷை 28 முறை வென்றது. 2020-இல் ஸ்டாக்ஃபிஷே நரம்பியல் வலையைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. என் ஆறு ஆட்டங்களில் ஸ்டாக்ஃபிஷும் லீலாவும் பெரிதாக முரண்பட்ட இடங்களைக் குறித்து வைத்தேன், மொத்தம் ஏழு. அந்த ஏழிலும் எதை ஆடினாலும் மதிப்பு ஏறக்குறைய ஒன்றே. தீர்ப்புச் சொல்ல வழக்கே வராத ஊரில் நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆலமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

மிச்சமிருப்பது அஞ்சல் வழி ஆட்டம் மட்டுமே. அங்கே எஞ்சினைப் பயன்படுத்துவது இன்றும் விதிப்படி சரிதான். அதன் உலகப் பட்டத்தை 2022-இல் அமெரிக்கர் ஜான் எட்வர்ட்ஸ் வென்றார், ஆனால் அந்த உயரத்தில் ஆட்டங்களில் பெரும்பாலானவை டிராவில்தான் முடிகின்றன. ஆண்டுக்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்து ஒன்றோ இரண்டோ ஆட்டங்களை வென்றாலே அங்கே பெரிய விஷயம். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன், சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டத்தைவிட நூறு மடங்கு மதிக்கிறேன். பிளிட்ஸைப் பற்றி என் கருத்து உங்களுக்குத் தெரியும்.

அதனால் ஏழாவது ஆட்டத்தை அப்படியே தொடங்கிவிட்டேன். நகர்த்தலுக்கு மூன்று நாள், மேசைக் கணினிக்கும் மூன்று நாள். இப்போது 11-ஆம் நகர்த்தலில் நிற்கிறோம், இரண்டு திரைகளிலும் 0.00 என்று காட்டுகிறது. எனக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கிறது. அதற்குள் யாராவது இந்தக் கூலிங் பேடை 900 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக இருந்தால் கீழே எழுதுங்கள், பாட்டில் மூடிகள் நான்கையும் இலவசமாகச் சேர்த்துத் தருகிறேன்.