ஒரு டி.எம்.சி.க்கு ஒரு கிராம்

நேயர்களுக்கு வணக்கம். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். பாட்டில் வந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் இன்றைய விஷயம் மூக்குக்கு எட்டாதது: கழிவுநீரில் கரைந்திருக்கும் ஹார்மோன்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் நம் உடம்பிலிருந்து சிறுநீரோடு வெளியேறுகிறது. கருத்தடை மாத்திரையிலுள்ள எத்தினைல் எஸ்ட்ராடையாலுக்கும் அதே வழிதான். சுத்திகரிப்பு நிலையத்தில் தப்பியது ஆற்றுக்குப் போகும். எவ்வளவு? அணைச் செய்தி கேட்கிற நமக்கு டி.எம்.சி. தெரியும். சுமார் 2,830 கோடி லிட்டர். அவ்வளவு தண்ணீரில் ஒரே ஒரு கிராம் மாத்திரை மருந்து. 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த மருந்தைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தபோது, ஏறக்குறைய அந்த அளவையும் கண்டுபிடிக்கிற முறை வேண்டும் என்றது.

இதைப் போய் யார் அளப்பது என்று கேட்பீர்கள். முதலில் காட்டிக்கொடுத்தது மீன்தான். இதைச் சொல்லாமல் நான் எந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்ததில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் கழிவுநீர் சேரும் இடங்களில் ஆணும் பெண்ணும் கலந்த மாதிரி மீன்கள் அகப்பட்டன. ஆராய்ச்சியாளர்கள் டிரவுட் மீன்களைக் கூண்டில் போட்டு, சுத்திகரித்து வெளிவிடும் நீரில் இறக்கினார்கள். சில வாரத்தில் ஆண் மீனின் ரத்தத்தில், முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதம்! ஆண் மீனுக்கு அது எதற்கு? 1994-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அப்புறம் மனித உடம்பில் ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பியை, ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டுக்குள் வைத்தார்கள். ஈஸ்ட்ரோஜன் பட்டால் ஈஸ்டு வளரும் திரவம் மஞ்சளிலிருந்து சிவப்பாகும்.

ஆனால் மீனும் ஈஸ்டும் "ஈஸ்ட்ரோஜன் வேலை நடக்கிறது" என்றுதான் சொல்லும். யார் செய்த வேலை என்று சொல்லாது. பெயர் வேண்டுமென்றால் வேறு முறைக்குப் போக வேண்டும்.

எலைசா என்ற பரிசோதனை மலிவு, சீக்கிரம். சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு, ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்ப்பொருள், கடைசியில் ஒரு நிறம். இதில் ஒரு வேடிக்கை: நிறம் எவ்வளவு குறைகிறதோ, ஹார்மோன் அவ்வளவு கூடுதல். ஒருமுறை இலை அழுகிப் பழுப்பேறிய குளத்து நீரை வைத்தேன். நிறம் வரவேயில்லை, எண் எகிறியது. அந்தக் குளத்துக்குச் சாக்கடையே கிடையாது! மேலதிகாரி அறிக்கை எழுதச் சொன்னார். நான் நீரை நான்கு மடங்கு நீர்த்துப் பார்த்தேன். உண்மையான ஹார்மோன் என்றால் நான்கில் ஒரு பங்கு இருக்க வேண்டும். காணாமலே போயிற்று. இலைச் சாறுதான் எதிர்ப்பொருளைக் குழப்பியிருந்தது. அழுக்கு நீரில் எலைசா கூட்டிச் சொல்லும், நினைவிருக்கட்டும்.

அடுத்தது நிறை நிறமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்). ஒரு லிட்டர் நீரை விரல் பருமன் குழாய் வழியே இழுத்து, ஒட்டியதைச் சில சொட்டாகக் கழுவி எடுத்து, மூலக்கூறுகளைப் பிரித்து எடை போட்டு, உடைத்துத் துண்டுகளையும் எடை போடும். ஆளை அடையாளம் காண்பதில் இதை மிஞ்ச முடியாது. ஆனால் அழுக்கு நீரில் இது குறைத்துச் சொல்லும். கூட வரும் குப்பை, ஹார்மோனின் குரலை அமுக்கிவிடுகிறது. எலைசா கூட்டும், இது குறைக்கும். ஒரே பாட்டில், இரண்டு எண்!

நிறமாலைமானி குறைத்துச் சொல்வதற்கு மருந்து, மேய்ப்பர்களின் வழிதான். அடையாளம் போட்ட பத்து ஆட்டை மந்தையோடு காட்டுக்குள் விடுகிறோம். மாலையில் அதில் ஆறு ஆடுதான் திரும்பினால், மற்ற ஆடுகளும் அதே கணக்கில் தொலைந்தன என்று எண்ணிக்கொள்ளலாம். அதேபோல, கன ஹைட்ரஜன் ஏற்றி, எடையால் அடையாளம் தெரிகிற ஹார்மோனை, அளவு தெரிந்து, முதலிலேயே நீரில் கலந்துவிடுவோம். அப்படிக் கலந்தார்களா என்று கேட்காமல் எந்த எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மாதிரி எடுப்பதைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். சுருக்கமாக: சிறுநீரில் ஹார்மோன் பெரும்பாலும் வேறொன்றோடு ஒட்டி, செயலற்றுத்தான் வருகிறது. சாக்கடைக் கிருமி அந்த ஒட்டை வெட்டினால் மறுபடி விழித்துக்கொள்ளும். அதனால் பாட்டில் வெயிலில் கிடந்தால் காலை எண் வேறு, மாலை எண் வேறு. எடுத்த கையோடு ஐஸ் பெட்டியில் வையுங்கள். வணக்கம்.