முதலில் கேசட், அப்புறம்தான் பேண்ட்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு மேசையில் கிட்டார் இல்லை, இந்தப் பெட்டிதான். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். தெரிகிறதா? நான்கு டிராக், அதாவது தனித்தனியாகப் பதியும் நான்கு தடம் உள்ள கேசட் ரெக்கார்டர். சத்தத்தை ஏற்றி இறக்க நான்கு ஃபேடர், மைக் செருக ஓட்டைகள், இந்தப் பக்கம் சாதாரண கேசட் போடும் மூடி. அவ்வளவுதான் ஸ்டூடியோ.

பேண்ட் என்றால் நான்கு பேர் சேர்வார்கள், பயிற்சி எடுப்பார்கள், சின்னச் சின்ன மேடைகளில் வாசிப்பார்கள், கடைசியில் காசு சேர்த்து ஸ்டூடியோவுக்குப் போவார்கள். வழக்கமான கதை இதுதான். இண்டி ராக்கில், அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராத ராக் இசையில், எனக்குப் பிடித்த பல பேண்ட்களுக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழ். யாரோ ஒருவர், மிஞ்சிப் போனால் இரண்டு பேர், வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்கிறார்கள். டேப் கைமாறுகிறது. எங்கிருந்தோ "வந்து வாசிக்க முடியுமா?" என்று அழைப்பு வருகிறது. அப்போதுதான் ஆளுக்கு அலைகிறார்கள்.

அந்த அலைச்சலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துப் பழகிய ஆள், அதை இன்னொருவர் கையில் விட்டுவிடத் தயாராக இருக்கிறாரா? இந்தப் பேண்ட்களின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, முதலில் பெட்டி. டாஸ்காம் நிறுவனம் போர்டாஸ்டூடியோ 144 என்ற இயந்திரத்தை 1979-ல் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இடது, வலது என்று இரண்டு தடம். திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு. இந்த இயந்திரம் நான்கையும் ஒரே திசையில் எடுத்துக்கொள்ளும். அதோடு டேப்பை இரட்டை வேகத்தில், நொடிக்கு சுமார் 9.5 சென்டிமீட்டர் என்று ஓட்டும். ஒலி தெளிவாக இருக்கும், ஆனால் 60 நிமிட கேசட் 15 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இதில் பதிந்த டேப்பை எடுத்து சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டால் வேடிக்கைதான். இரண்டு தடம் பாதி வேகத்தில் பூதம் பேசுவது போல இழுக்கும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னாலிருந்து முன்னால் ஓடும்.

நான்கு தடம் எப்படிப் போதும்? போதாது. அதனால் டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றையும் முதல் மூன்று தடத்தில் பதிவார்கள். மூன்றையும் மிக்ஸ் செய்து நான்காவதுக்கு மாற்றுவார்கள். இதற்குப் பவுன்ஸ் என்று பெயர். இப்போது முதல் மூன்று தடமும் மறுபடி நம் கைக்கு வந்துவிட்டது. குரல், இன்னொரு கிட்டார் எல்லாம் அங்கே பதியலாம். வில்லங்கம் என்னவென்றால், மேலே பதிந்த நொடியில் பழையது அழிந்துபோகும். டிரம்ஸ் சத்தம் குறைவு என்று அப்புறம் தெரிந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, அப்படியேதான் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு பவுன்ஸுக்கும் 'உஸ்' என்ற டேப் இரைச்சல் ஒரு படி ஏறும். லோ-ஃபை, அதாவது தெளிவு குறைந்த கரகர ஒலி என்று ரசிக்கிறோமே, அந்த ஒலியில் ரசனையால் வந்தது கொஞ்சம், வேறு வழியில்லாமல் வந்தது மிச்சம்.

இந்த மாதிரி வீட்டுக் கருவிகளை வைத்துக்கொண்டு வெளுத்து வாங்கியவர் ராபர்ட் பொல்லார்ட். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம் டேட்டனில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய பேண்ட் கைடட் பை வாய்சஸ் பல வருடமாகச் சொந்தக் காசில் ஆல்பம் போட்டது, வாங்கத்தான் ஆளில்லை. 1992-ல் வந்த 'புரொப்பெல்லர்' வெறும் 500 பிரதி. ஒவ்வொரு அட்டையும் கையால் செய்தது, ஒன்று போல் இன்னொன்று இருக்காது. இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் அதைப் போட்டார்கள். அதுவோ டேட்டனைத் தாண்டிப் போய்விட்டது. 1994-ல் 'பீ தவுசண்ட்', 20 பாட்டு, 37 நிமிடத்துக்குள். அடுத்த வருடம் 'ஏலியன் லேன்ஸ்', 28 பாட்டு, 41 நிமிடம். பாட்டுக்கு ஒன்றரை நிமிடம்கூட முழுசாகத் தேறாது.

கேட்டுப் பாருங்கள், அருமையான ஒரு மெட்டு வரும். சரி, இன்னொரு தடவை வரும் என்று காத்திருப்போம். வராது. டேப் கட், அடுத்த பாட்டு. ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் என்று ஒருவர் இருந்திருந்தால் "இதை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள்" என்று சொல்லாமல் இருந்திருப்பாரா? வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று.

ஆனால் மேடையில் பார்த்தால் வேறு பொல்லார்ட். நாற்பதை நெருங்கும் வாத்தியார், மைக்கைச் சுழற்றிக்கொண்டு காலை உயரத் தூக்கி உதைக்கிறார். பின்னால் கிட்டார்கள் அரங்கம் அதிர ஒலிக்கின்றன. சின்ன வயதிலேயே இல்லாத பேண்ட்களுக்கு ஆல்பம் அட்டை வரைந்து வைத்தவர் அவர். அவர் மனதில் ஓடியது எப்போதும் பெரிய அரங்க ராக்தான். கையில் இருந்த டேப்தான் சின்னது. அதனால் ஆட்கள் வந்து சேர்ந்தபோது அவருக்கு விட்டுக்கொடுப்பதில் சிக்கலே இல்லை. ஆட்களை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தார் என்பது வேறு கதை.

பேவ்மெண்ட் என்ற பேண்டின் கதை இன்னும் பிடிக்கும் எனக்கு. கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன். ஸ்டீபன் மால்க்மஸ், ஸ்காட் கேன்பர்க் என்று இரண்டு இளைஞர்கள். 1989 ஜனவரியில் ஒரு வீட்டு ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு இபி, அதாவது சில பாட்டுகள் மட்டும் கொண்ட சின்ன ரெக்கார்டு, பதிகிறார்கள். டிரம்மர் இல்லை. ஸ்டூடியோவின் சொந்தக்காரர் கேரி யங் இவர்களைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். இரைச்சலைப் பாட்டு என்று கொண்டுவந்திருக்கிறார்களே என்று திகைத்தவர், சரி நானே வாசிக்கிறேன் என்று டிரம்ஸில் உட்கார்ந்துவிட்டார். ஆயிரம் பிரதி அச்சிட்டார்கள். அட்டையில் முழுப் பெயர்கூடக் கிடையாது, 'எஸ்.எம்.' என்றும் 'ஸ்பைரல் ஸ்டேர்ஸ்' என்றும்தான் இருக்கும். யார் இவர்கள், எந்த ஊர் என்று தெரியாததே பாதி விளம்பரம்.

1992-ல் மாட்டடோர் என்ற இசை நிறுவனத்தின் லேபிளில் 'ஸ்லாண்டட் அண்ட் என்சாண்டட்' வந்தது. அதில் பெரும்பகுதியும் அதே கேரி யங் ஸ்டூடியோவில் பதிந்ததுதான். இப்போது மேடை ஏற வேண்டும். கேரி யங்கோ ரசிகர்களுக்கு வாசலில் நின்று முட்டைக்கோஸ் கொடுப்பார், மேடையில் தலைகீழாக நிற்பார். தாளம் எந்த நேரம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதற்காகவே பாப் நஸ்டனோவிச்சை இரண்டாவது டிரம்மராகச் சேர்த்தார்கள். அதாவது டிரம்மருக்கு ஒரு காவல் டிரம்மர்! 1993-ல் கேரி யங் விலகினார், ஸ்டீவ் வெஸ்ட் வந்தார். அப்புறம் வந்த ஆல்பங்கள் தாளத்தில் சுத்தமானவை. ஆனால் முதல் ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும் இப்போது விழும், அப்போது விழும் என்று தள்ளாடுகிறதே, அது பிறகு கிடைக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் தற்செயலாக உள்ளே வந்ததால் கிடைத்த ஒலி அது.

இதற்கு நேர் எதிர் ஒன்று சொல்லவா? இது இண்டி கிடையாது, பெரிய லேபிள், ஆனாலும் இங்கே பொருந்தும். நிர்வாணா பேண்டின் டிரம்மராக இருந்த டேவ் க்ரோல். 1994 அக்டோபரில் சியாட்டில் பக்கம் ராபர்ட் லாங் ஸ்டூடியோவில் சில நாட்களில் ஒரு முழு ஆல்பத்தைப் பதிந்தார். ஒரு பாட்டில் ஒரு கிட்டார் தவிர எல்லாம் அவரே. நூறு கேசட் பிரதி எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தார். தனி ஆள் என்று தெரியக் கூடாது என்பதற்காக ஃபூ ஃபைட்டர்ஸ் என்று பேர். கேசட் பரவியதும் ஆட்களைச் சேர்த்து உண்மையான பேண்ட் ஆக்கினார். டிரம்ஸுக்கு வில்லியம் கோல்ட்ஸ்மித். இரண்டாவது ஆல்பம் பதியும்போது, கோல்ட்ஸ்மித் வாசித்த டிரம்ஸில் பெரும்பகுதியை க்ரோல் தானே மறுபடி வாசித்துப் பதிந்துவிட்டார். கோல்ட்ஸ்மித் விலகிவிட்டார். க்ரோல் உலகத்துக்கே தெரிந்த டிரம்மர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்தவர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து வாசித்துவிட்டு அவரைப் பேண்டில் வைத்துக்கொள்ள முடியுமா?

கெவின் பார்க்கர் இந்த வம்பே வேண்டாம் என்று முடிவு செய்தவர். ஆஸ்திரேலியாவின் பெர்த்காரர், அவருடைய பேண்ட் டேம் இம்பாலா. ஆல்பத்தில் ஏறக்குறைய எல்லாம் அவரே, மேடைக்கு மட்டும் நண்பர்கள். வெளிப்படையான ஏற்பாடு, அதனால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. எனக்கு அதில் ஒரு குறை உண்டு. ஆல்பத்தில் டிரம்ஸும் பேஸும் ஒன்றோடொன்று வாதாடவே வாதாடாது. இரண்டும் ஒரே ஆள் அல்லவா.

பான் ஈவர் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். காட்டுக் குடிசை, பனிக்காலம், காதல் தோல்வி, இந்தக் கதை எனக்கு எப்போதோ அலுத்துவிட்டது. அதனால் சுருக்கமாக. பான் ஈவர் பேண்டைத் தொடங்கிய ஜஸ்டின் வெர்னன் 2006-07 பனிக்காலத்தில் விஸ்கான்சினில் அப்பாவின் குடிசையில் பதிந்தது டெமோ, அதாவது மாதிரிப் பதிவு என்ற நினைப்பில்தான். 2007-ல் 500 பிரதி அவரே போட்டார். 2008-ல் ஜாக்ஜாகுவார் லேபிள் எடுத்துக்கொண்டது. எனக்கு முக்கியமாகப் படுவது குடிசைக்குப் பிறகு நடந்தது. அந்த ஆல்பத்தில் அவருடைய குரலே அடுக்கடுக்காக ஏறி நிற்கிறது. மேடையில் ஒருவர் எப்படி அத்தனை குரலில் பாடுவார்? ஷான் கேரி என்ற இளைஞர் பாட்டுகளையெல்லாம் முன்கூட்டியே கேட்டுக் கேட்டு டிரம்ஸும் குரலும் கற்றுக்கொண்டு வந்து, நானும் சேர்கிறேன் என்று நின்றார். சேர்த்துக்கொண்டார் வெர்னன். அதற்கும் மேல் குரல் தேவைப்பட்ட பாட்டில் ரசிகர்களிடமே ஒரு வரியைக் கொடுத்துப் பாடச் சொன்னார். ஒற்றை ஆள் தனியறையில் அடுக்கிய குரல்களை முன்பின் தெரியாத ஒரு கூட்டம் பாடுகிறது. இதைவிடத் தாராளமாக ஒரு பாட்டை விட்டுக்கொடுக்க முடியாது.

கேசட் காலம் முடிந்த பிறகும் இதே கதைதான் நடக்கிறது. வில் டொலிடோ, வர்ஜீனியாவில் லீஸ்பர்க். வீட்டில் சத்தம் போட்டுப் பாடக் கூச்சம், அதனால் குடும்பக் காரில் பின் சீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பாடினார். அவருடைய பேண்டுக்குக் கார் சீட் ஹெட்ரெஸ்ட் என்ற பேர் அங்கிருந்து வந்தது. 2010-லிருந்து பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பம் மேல் ஆல்பமாக அவரே ஏற்றினார். 2015-ல் மாட்டடோர் சேர்த்துக்கொண்டது. அடுத்த வருடம் 'டீன்ஸ் ஆஃப் டினையல்' வெளிவரும் நேரத்தில் ஒரு சிக்கல். ஒரு பாட்டில் தி கார்ஸ் குழுவின் மெட்டு இருந்தது, அதற்கு ரிக் ஒகாசெக்கின் அனுமதி கிடைக்கவில்லை. அச்சிட்ட பிரதிகளைத் திரும்ப வாங்கி அழித்தார்கள். பாட்டை மாற்றி எழுதினார் டொலிடோ. லேப்டாப்பில் தனியாக ஏற்றிய காலத்தில் இந்தத் தலைவலியெல்லாம் கிடையாது. (இதே ஒகாசெக்தான் 1999-ல் கைடட் பை வாய்சஸ் ஆல்பம் ஒன்றைத் தயாரித்துப் பளபளப்பாக்கினார். சின்ன உலகம்.)

டொலிடோ செய்த இன்னொரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2011-ல் தனியாகப் பதிந்த 'ட்வின் ஃபேன்டசி' ஆல்பத்தை முழுக்க, வரிசை மாறாமல், பேண்டை வைத்து மறுபடி பதிந்து 2018-ல் வெளியிட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். பழையதில் குரல் கலங்கி, உடைந்து, வார்த்தையே சில இடத்தில் புரியாது. புதியதில் ஆண்ட்ரூ காட்ஸின் டிரம்ஸ் வந்ததும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டுகள்கூடச் சோர்வில்லாமல் எழுந்து நிற்கின்றன. சில வரிகளையும் மாற்றியிருக்கிறார், பத்தொன்பது வயதுக்காரன் எழுதியதை மூத்த டொலிடோ திருத்துகிறார். என் ஓட்டு 2018-க்குத்தான். பழையதுதான் அசல் என்று சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள், தெரியும். வாருங்கள்.

கேட்க ஆரம்பிக்க எங்கே போவது என்றால், தி மவுண்டன் கோட்ஸ். அந்தப் பேண்டின் ஜான் டார்னியல் பல வருடம் ஒரு பானசோனிக் பூம்பாக்ஸில், அதாவது கையில் தூக்கிப் போகும் டேப் ரெக்கார்டரில், நேராகப் பாடிப் பதிந்தவர். மைக் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் டேப் ஓட்டும் மோட்டாரின் உறுமலும் பாட்டோடு பதிந்துவிடும். அப்படிப் பதிந்த 'ஆல் ஹெய்ல் வெஸ்ட் டெக்சஸ்', ஸ்டூடியோவில் பேண்டோடு பதிந்த 'டாலஹாசி' இரண்டுமே 2002-ல் வந்தவை. ஒரே ஆள், ஒரே வருடம். முதலாவதை ஹெட்போனில் கேளுங்கள், ஸ்பீக்கரில் அந்த உறுமல் சரியாகப் பிடிபடாது. இரண்டாவதில் பீட்டர் ஹியூஸின் பேஸ் எங்கே உள்ளே வருகிறது, டார்னியலின் கிட்டார் அதற்கு எப்படி ஒதுங்கி வழிவிடுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

எலிஃபன்ட் 6 கூட்டத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். லூசியானாவில் ரஸ்டன் என்ற சின்ன ஊரில் பள்ளிக்கூட நண்பர்கள் ஒருவருக்கொருவர் கேசட் பதிந்து கொடுத்து, அதிலிருந்தே நாலைந்து பேண்ட் முளைத்த கதை. அதற்குத் தனி வீடியோ வேண்டும், அடுத்தது அதுதான்.