திரவ ஈஸ்டுக்கு ஸ்டார்ட்டர் போடுவது எப்படி? 20 லிட்டர் ஏல் பீருக்கான கணக்கும் செய்முறையும்

[திரையில்: திரவ ஈஸ்ட் பாக்கெட், தயாரிப்பு தேதி தெரியும்படி]

ஸ்டார்ட்டர்னா, பீருக்குப் போடுறதுக்கு முன்னாடி ஈஸ்டைக் கொஞ்சம் மால்ட் தண்ணில வளர்த்து எண்ணிக்கையைக் கூட்டுறது. பாக்கெட்டைத் திருப்பி முதல்ல தேதியைப் பாருங்க. ஒரு திரவ ஈஸ்ட் பாக்கெட் தயாராகி வெளியே வரும்போது அதுல சுமார் 10,000 கோடி செல்கள் இருக்கும். ஃபிரிட்ஜ்லயே வெச்சிருந்தாலும் மாசத்துக்கு அஞ்சுல ஒரு பங்கு செத்துப்போகும்னு தோராயமா கணக்கு வெச்சுக்கலாம். ரெண்டு மாசம் ஆன பாக்கெட்னா உயிரோட இருக்கிறது 6,000 கோடிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

இப்போ தேவையைப் பார்ப்போம். ஏல் வகைக்கு (கொஞ்சம் வெதுவெதுப்புல நொதிக்கிற பீர்), ஒரு மில்லி வோர்ட்டுல (இன்னும் நொதிக்காத இனிப்பு மால்ட் சாறு) ஒவ்வொரு டிகிரி பிளேட்டோவுக்கும் (சாறுல இருக்கிற சர்க்கரையோட எடை சதவீதம்) ஏழரை லட்சம் செல் வேணும். நாம காய்ச்சப் போறது 20 லிட்டர், ஆரம்ப அடர்த்தி (தண்ணியை 1-ன்னு வெச்சா) 1.050. அதாவது 12.4 பிளேட்டோ. பெருக்கிப் பார்த்தா 18,600 கோடி செல். கையில இருக்கிறது அதுல மூணுல ஒரு பங்கு. லாகர்னா (குளிர்ல நொதிக்கிற பீர்) தேவை இதுல ரெண்டு மடங்கு.

பத்தாத ஈஸ்டைப் போட்டாலும் பீர் வரும். ஆனா நொதிக்க ஆரம்பிக்கவே ஒன்றரை, ரெண்டு நாள் ஆகலாம். அந்த இடைவெளியில பாக்டீரியா முந்திக்கும். செல்கள் அளவுக்கு மீறிப் பெருக வேண்டியிருக்கிறதால காட்டமான ஆல்கஹால் நெடியும் தேவையில்லாத பழ வாசனையும் ஏறும். சில சமயம் பாதி சர்க்கரையை விட்டுட்டு அப்படியே நின்னுபோகும்.

ஒண்ணு மனசுல வெச்சுக்கங்க: ஸ்டார்ட்டர்ல நாம பீர் செய்யல, செல்களை வளர்க்கிறோம். இனி சொல்லப்போற ஒவ்வொரு அளவும் அதுக்காகத்தான்.

[திரையில்: தராசு, உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட், பாத்திரம்]

ஒரு லிட்டருக்கு 100 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட், அதாவது முளைகட்டின தானியத்தோட சாறைத் தூளாக்கினது. நமக்கு ஒன்றரை லிட்டர் ஸ்டார்ட்டர், அதனால 150 கிராம். வெளிர் நிறத்துல இருக்கிறதே போதும். இந்த அளவுல அடர்த்தி 1.037 பக்கத்துல நிக்கும். இன்னும் கெட்டியா வெச்சா நிறைய வளருமேன்னு தோணும். அது நடக்காது. சர்க்கரை அடர்த்தி கூடினா செல்லுக்கு அழுத்தம், வளர்ச்சியே குறையும்.

மால்டுக்குப் பதில் வீட்டுச் சர்க்கரை போடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. போடாதீங்க. அதுல நைட்ரஜன் இல்ல. அதோட, சாதா சர்க்கரையிலேயே வளர்ந்த ஈஸ்டுக்கு மால்டோஸை (மால்ட்டுல இருக்கிற சர்க்கரை) எடுத்துக்கிற திறன் மங்கிப்போகும். பீர் வோர்ட்டுல பெரும்பகுதி மால்டோஸ்தான்.

எக்ஸ்ட்ராக்டைக் கொதிக்கிற தண்ணில கொட்டாதீங்க. ஆவி பட்டதும் கரண்டியில கல்லு மாதிரி ஒட்டிக்கும். பச்சத் தண்ணில கரைச்சுட்டு அடுப்புல வைங்க. நெருப்பைத் தாங்குற போரோசிலிகேட் ஃபிளாஸ்க்லயே கொதிக்க வைக்கலாம்தான். ஆனா கழுத்து குறுகல், ஒரு நொடியில பொங்கி அடுப்பெல்லாம் பாகாயிடும். பாத்திரம்தான் நிம்மதி. ஒரு சிட்டிகை ஈஸ்ட் நியூட்ரியன்ட் (ஈஸ்டுக்கான சத்துத் தூள்) சேர்த்து 15 நிமிஷம் கொதிக்கட்டும். மூடி போட்டு, ஐஸ் தண்ணித் தொட்டியில வெச்சு 20 முதல் 22 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவாங்க.

அடுப்பை அணைச்ச நிமிஷத்துல இருந்து வோர்ட்டைத் தொடுற எல்லாமே கிருமி நீக்கினதா இருக்கணும்: ஃபிளாஸ்க், புனல், காந்தக் குச்சி (ஃபிளாஸ்க்குள்ள சுழன்று கலக்குறது), அலுமினியத் தாள். ஈஸ்ட் பாக்கெட்டோட வெளிப்புறமும் வெட்டுற கத்தரிக்கோலும்கூட. ஸ்டார் சான்ங்கிற கிருமிநீக்கித் திரவம்னா லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்து, ஒரு நிமிஷம் ஈரமா இருக்கட்டும். நுரை மிச்சம் இருந்தா பரவாயில்ல, அலசத் தேவையில்ல.

[திரையில்: ஸ்டிர் பிளேட் மேல் ஃபிளாஸ்க், நடுவில் சின்னக் குழி]

ஆறின வோர்ட்டையும் ஈஸ்டையும் ஃபிளாஸ்க்ல ஊத்தி, காந்தக் குச்சியையும் போட்டு, ஸ்டிர் பிளேட்ல (அடியிலிருந்து காந்தத்தால குச்சியைச் சுழட்டுற கருவி) வைங்க. மேல்பரப்புல சின்னதா ஒரு குழி விழுந்தா அந்த வேகம் போதும். ரொம்பக் கூட்டினா காந்தக் குச்சி தெறிச்சு ஓரத்துல போய் ஒதுங்கிடும். ஒன்றரை லிட்டருக்கு 2 லிட்டர் ஃபிளாஸ்க் கொஞ்சம் நெருக்கடி. முடிஞ்சா 3 லிட்டர் வாங்குங்க, நுரை ஏற இடம் வேணும்.

வாயை அலுமினியத் தாளால தளர்வா மூடுங்க. ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடுற அடைப்பு) போடக் கூடாது. செல் பிரியும்போது தாய்ச்செல் தன் சவ்வைப் பங்குபோட்டுக் கொடுக்குது. அந்தச் சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரால்ங்கிற கொழுப்பைச் செய்ய ஆக்சிஜன் தேவை. ஏர்லாக் அதை அடைச்சுடும். ஸ்டிர் பிளேட் கார்பன் டை ஆக்சைடை வெளியேத்தி, காத்தை உள்ள இழுக்கும். அதுல 150 கிராம் மால்டுக்கு சுமார் 20,000 கோடி புதுச் செல் கிடைக்கும், நம்ம தேவை தாராளமா நிறைவேறும். அசையாம வெச்சா அதுல பாதிகூட வராது. ஸ்டிர் பிளேட் இல்லாதவங்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நல்லா சுழட்டி விடணும், ஸ்டார்ட்டரையும் பெருசா போடணும்.

அறை வெப்பத்துல 24 மணி நேரம். பழைய பாக்கெட்னா 36 வரைக்கும் ஆகலாம். மேல நுரை தெரியலன்னு பயப்படாதீங்க, நீங்க தூங்கும்போது வந்து போயிருக்கும். தெளிவா இருந்த வோர்ட் பால் கலந்த தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருக்கா, அதைத்தான் பாக்கணும்.

அடுத்து ஃபிரிட்ஜ்ல ஒரு நாள், முடிஞ்சா ரெண்டு நாள். ஈஸ்ட் அடியில வெள்ளையா படியும். காய்ச்சுற அன்னிக்கு மேல நிக்கிற திரவத்தை மெதுவா வடிச்சுடுங்க. காத்துபட்ட அந்தத் திரவத்துக்கு உங்க பீர்ல வேலை இல்ல. ஒரு கப் அளவு மட்டும் விட்டு, வண்டலைச் சுழட்டிக் கலக்கி ஊத்துங்க. ஃபிளாஸ்க் அடியில வெளியிலிருந்து இன்னொரு காந்தத்தைப் பிடிச்சுக்கங்க, இல்லாட்டி குச்சியும் சேர்ந்தே உள்ள போயிடும். வண்டலுக்கும் வோர்ட்டுக்கும் வெப்ப வித்தியாசம் பெருசா இருக்கக் கூடாது. வோர்ட் ஆறுற நேரத்துல ஃபிளாஸ்க்கையும் வெளியே எடுத்து வைங்க.

ஊத்துறதுக்கு முன்னாடி வடிச்ச திரவத்தை முகர்ந்து, ஒரு வாய் ருசி பாருங்க. சப்புனு, லேசான புளிப்போட, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தர்ற பூ) இல்லாத பீர் மாதிரி இருந்தா சரி. வினிகர் நெடி, அழுகின வாசனை, மேல ஆடை, பூஞ்சைப் புள்ளி, இதுல எது இருந்தாலும் மொத்தத்தையும் கொட்டிடுங்க. அன்னிக்குக் காய்ச்சியே ஆகணும்னா, 11.5 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒண்ணு கையிருப்புல இருக்கட்டும். நல்லா இருக்கிற பாக்கெட்னா இந்த 20 லிட்டருக்கு அதுவே போதும். தேவையான ஸ்டெராலைச் சேர்த்துவெச்சுத்தான் அதை உலர்த்துறாங்க, அதுக்கு ஸ்டார்ட்டர் வேண்டாம்.