எதிர்த்தரப்பு வராத அறை

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்கு என்னை அழைத்த தயாரிப்பாளர் தொலைபேசியில் முதலில் கேட்டது, "அறிவிப்பில் உங்கள் தொழிலை என்னவென்று சொல்லட்டும்?" என்பதுதான். சட்டம் எழுதுபவர்களிடம் ஒரு தரப்புக்காகப் பேசுவது என் வேலை; இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையில் இருந்தும் எனக்கு உடனே பதில் வரவில்லை. 'லாபி செய்பவர்' என்றால் பணப்பெட்டி நினைவுக்கு வரும். 'பொது விவகார ஆலோசகர்' என்றால் எதுவுமே நினைவுக்கு வராது. 'அரசியல் தரகர்' என்று என் மாமா சொல்வார், அதுவும் கல்யாண வீட்டில், எல்லோர் காதிலும் விழும்படி. கடைசியில் 'கொள்கை ஆலோசகர்' என்று போட்டுவிடுங்கள் என்றேன். அதுவும் எதையும் சொல்லாத சொல்தான். ஆனால் கொஞ்சம் கௌரவமாகச் சொல்லாமல் விடுகிறது.

லாபி என்றால் கட்டடத்தின் முகப்புக் கூடம். வாஷிங்டனில் வில்லார்ட் ஹோட்டலின் முகப்பில் ஜனாதிபதி கிராண்ட் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, காரியம் கேட்டு வந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள், அதிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. அழகான கதை, ஆனால் பொய். கிராண்ட் பதவிக்கு வந்தது 1869இல். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இந்தப் பொருளில் அந்தச் சொல் அச்சில் ஏறிவிட்டது. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் மையக் கூடம் என்று ஓர் இடம் இன்றும் இருக்கிறது. தொகுதியின் சாதாரணக் குடிமகன் அங்கே போய், தன் உறுப்பினரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பச்சை அட்டையில் எழுதிக் கொடுக்கலாம். என் தொழிலைப் பற்றி மாமாவிடம் சொல்ல எனக்குப் பிடித்த விவரம் அது. உள்ளே போக முடியாதவன் வாசலில் நின்று கேட்பதற்காக இருந்த இடம்தான் லாபி.

இப்போது அந்த வாசலில் நிற்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்கி நிற்பவர்கள். நானும் அப்படித்தான் நின்றேன்.

இந்தத் துறையில் மூன்று வேலைகள் பின்னிக் கிடக்கின்றன. சட்டம் எழுதுபவர்களிடம் நேரில் போய் ஒரு தரப்பின் வாதத்தை வைப்பது ஒன்று. எந்த மசோதா வரப்போகிறது, எந்தக் குழு எப்போது கூடுகிறது, யார் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று ஒரு நிறுவனத்துக்காகவோ சங்கத்துக்காகவோ நாள்தோறும் கண்காணிப்பது இன்னொன்று. அரசியல்வாதிக்கு உரை எழுதுவது, செய்தியாளர் சந்திப்புக்கு அவரை ஆயத்தப்படுத்துவது மூன்றாவது. உரை எழுதும் வேலையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். ஓர் அமைச்சருக்காக மூன்று இரவுகள் கண்விழித்து எழுதினேன். அந்த உரையில் கைதட்டல் எழுந்த ஒரே இடம், அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டுச் சொந்தமாகப் பேசிய இடம்.

விருந்தும் கைகுலுக்கலும்தான் இந்த வேலை என்று நினைத்து வரும் இளைஞர்கள் முதல் மாதத்திலேயே ஏமாந்துபோகிறார்கள். வேலையில் முக்கால் பங்கு படிப்பு. மசோதாவின் தலைப்பை யாரும் படிப்பார்கள். நாங்கள் படிப்பது வரையறைப் பிரிவை. 'சிறு நிறுவனம்' என்றால் என்ன? 50 பேர் வேலை செய்யும் இடமா, 250 பேர் வேலை செய்யும் இடமா? அந்த ஓர் எண் நகர்ந்தால் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் சட்டத்துக்குள் வரும், அல்லது வெளியே போய்விடும். மசோதாவின் நோக்கத்தைப் பற்றி அவையில் நாள் முழுக்கச் சண்டை நடக்கும். அந்த எண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சட்டம் நிறைவேறிய பிறகு துணைவிதிகள் எழுதும் காலம் ஒன்று வரும். அப்போது செய்தியாளர்கள் எல்லோரும் வேறு விஷயத்துக்குப் போயிருப்பார்கள். பத்திரிகையில் இரைச்சல் அடங்கிய பிறகுதான் எங்கள் நாட்குறிப்பு நிரம்பத் தொடங்கும்.

சரி, சட்டம் எழுதுபவர்கள் ஏன் எங்களை உள்ளே விடுகிறார்கள்? பணம், மிரட்டல், பழைய நட்பு என்று பல பதில்கள் உண்டு. எனக்குச் சரியாகப் பட்ட பதிலை ரிச்சர்ட் ஹால், ஆலன் டியர்டார்ஃப் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் முன்வைத்தார்கள். லாபி என்பது எதிராளியை விலைக்கு வாங்குவது அல்ல, ஏற்கெனவே நம் பக்கம் இருக்கும் உறுப்பினருக்கு மானியம் தருவது என்றார்கள். பணமாக அல்ல, உழைப்பாக. அவருக்கு இரண்டு மூன்று உதவியாளர்கள் இருப்பார்கள், மேசையில் முப்பது விவகாரங்கள் கிடக்கும். புள்ளிவிவரத்தைத் தேடி எடுத்து, திருத்தத்தைச் சட்ட மொழியில் எழுதி, கேள்வி வந்தால் சொல்ல வேண்டிய பதிலையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் ஏன் வேண்டாம் என்பார்?

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விவாதத்தில் இருந்தபோது, அதற்கு ஏறக்குறைய 4000 திருத்தங்கள் வந்தன. 2013இல் சில ஆர்வலர்கள் அந்தத் திருத்தங்களையும் நிறுவனங்கள் அனுப்பியிருந்த கோரிக்கைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். சில இடங்களில் வரிக்கு வரி ஒன்றாகவே இருந்தன. செய்தி வெளியானதும் பலருக்கு அதிர்ச்சி. எனக்கு அதிர்ச்சி இல்லை; கொஞ்சம் தொழில் பொறாமைதான். நாங்கள் எழுதித் தருவதை ஒரு சொல்லாவது மாற்றிப் போடுங்கள் என்று உறுப்பினர்களின் உதவியாளர்களிடம் கெஞ்சிய நாட்கள் எனக்கு உண்டு.

நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்ட நாள் என்று ஒன்றைச் சொல்ல முடியும். முதல் ஆண்டு. உற்பத்தியாளர்கள் தரப்புக்காக ஓர் ஒழுங்குமுறைத் துறையின் மூத்த அதிகாரியைப் பார்க்கப் போனேன். நாற்பது பக்க அறிக்கை, வண்ண வரைபடங்கள், நல்ல தாள். அவர் அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "தம்பி, உங்களை எதிர்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டார். "இதை யாரும் எதிர்க்கவில்லை, ஐயா" என்றேன், பெருமையாக. அவர் பேனாவை மூடினார். "யாரும் எதிர்க்கவில்லையா, யாரும் வரவில்லையா?" சந்திப்பு அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து எந்த அறைக்குள் போனாலும் எதிர்த்தரப்பின் வாதத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப்போனேன். நோஞ்சானாக்கி அல்ல, அவர்களே வந்திருந்தால் எவ்வளவு வலுவாகச் சொல்லியிருப்பார்களோ அவ்வளவு வலுவாக. இதை நேர்மை என்று மெச்சிக்கொள்ள மாட்டேன். அதிகாரி என் தாளை நம்பி மேலிடத்தில் பேசி, அங்கே எதிர்பாராத கேள்வியில் மாட்டிக்கொண்டால், அடுத்த முறை அவர் கதவு எனக்குத் திறக்காது. நம்பகம்தான் எங்கள் மூலதனம். ஒரு முறை கரைந்தால் மறுபடி சேராது. ஆனால் அந்த ஒற்றைப் பக்கத்தை எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு சங்கடம் வரும். இதை எழுத வேண்டியவன் நான் அல்லவே!

அவர்கள் ஏன் வரவில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு விதியால் பத்து நிறுவனங்களுக்குத் தலா ஒரு கோடி லாபம். அதே விதியால் ஒரு கோடி நுகர்வோருக்குத் தலா பத்து நட்டம். எந்த நாட்டு நாணயத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் பத்துக் கோடிதான். ஒரு கோடிக்காக ஒரு நிறுவனம் என்னைப் போன்ற ஒருவரை வேலைக்கு வைக்கும். பத்துக்காக ஒருவரும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வர மாட்டார்கள். மான்கூர் ஒல்சன் என்ற பொருளியல் அறிஞர் 1965இலேயே இதை விளக்கிவிட்டார். இதில் வில்லன் யாரும் இல்லை என்பதுதான் எரிச்சலூட்டும் பகுதி. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் பணம் வாங்கவில்லை. ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

காலி நாற்காலியை விட மோசமானது, அதில் போலியாக ஒருவரை உட்கார வைப்பது. 1990 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன் நயீரா என்ற பதினைந்து வயதுப் பெண் கண்ணீரோடு பேசினாள். குவைத் மருத்துவமனையில் ஈராக்கியப் படையினர் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டதைப் பார்த்ததாகச் சொன்னாள். ஈராக்குக்கு எதிரான போருக்கு ஆதரவு திரட்டியவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், பின்னணியில் ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் இருந்ததும் 1992இல்தான் வெளியே வந்தன. பின்னால் விசாரித்தவர்களுக்கு அந்தக் குற்றச்சாட்டை உறுதிப்படுத்தும் சான்று கிடைக்கவில்லை. அந்தக் குழு முறையான காங்கிரஸ் குழு அல்ல, அங்கே சத்தியப் பிரமாணம் கிடையாது. அதைக் கவனித்துத்தான் அந்த மேடையைத் தேர்ந்தெடுத்தார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு வரும் சந்தேகம்.

ஆனால் வர முடியாதவர்களை உண்மையாகவே அறைக்குள் கொண்டுவந்த வேலையும் இதே தொழிலின் வரலாற்றில்தான் இருக்கிறது. 1787இல் லண்டனில் பன்னிரண்டு பேர் கூடி, அடிமை வணிகத்தை ஒழிக்க ஒரு குழு அமைத்தார்கள். இன்றைய பிரசார அலுவலகத்தில் செய்யும் ஏறக்குறைய எல்லாவற்றையும் அவர்கள் செய்துவிட்டார்கள். சின்னம் வைத்தார்கள், ஊர் ஊராகக் கிளை தொடங்கினார்கள், சாட்சி திரட்டினார்கள், அடிமைத்தளையிலிருந்து மீண்ட ஒலாவுடா இக்வியானோ நாடு முழுக்கப் பேசினார். 1792இல் மட்டும் நாடாளுமன்றத்துக்கு 519 மனுக்கள் போயின. இவை எல்லாவற்றையும் விட எனக்கு வியப்பூட்டுவது ஒரு வரைபடம். ப்ரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் தளத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, அதில் ஏற்றலாம் என்று புதிய சட்டம் அனுமதித்த 454 பேரைப் படுக்க வைத்தால் எப்படி இருக்கும் என்று அச்சிட்டார்கள். கண்ணீர் இல்லை, கூக்குரல் இல்லை. அளவுகோல் வைத்து வரைந்த பொறியாளர் படம். சட்டம் அனுமதித்த எண்ணிக்கைதான் அது, மிகைப்படுத்தல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எதிர்த்தரப்பின் எண்ணையே எடுத்துப் படமாக்கியவருக்கு நான் எந்த நாளும் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைப்பேன். அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் வர 1807 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகள்.

விதிமுறைகளைப் பற்றிச் சுருக்கமாக. கனடா 1989இல் லாபி செய்பவர்களுக்கான பதிவேடு கொண்டுவந்தது. 2008 முதல் அங்கே உயர்பதவியில் இருந்தவர் விலகி ஐந்து ஆண்டுகளுக்கு லாபி செய்ய முடியாது. அமெரிக்காவின் லாபி வெளிப்படுத்தல் சட்டம் 1995. அயர்லாந்து 2015, ஜெர்மனி 2022. அயர்லாந்தில் யாரைப் பார்த்தேன், எதைப் பற்றிப் பேசினேன் என்று ஆண்டுக்கு மூன்று முறை எழுதித் தர வேண்டும். இந்தச் சட்டங்கள் எங்களுக்குத் தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஒழுங்காக வேலை செய்பவனுக்கு அது ஒரு விண்ணப்பப் படிவம், அவ்வளவே. 2022 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில், ஐரோப்பிய நாடாளுமன்றத்தைச் சுற்றிய லஞ்சப் புகாரில் போலீசார் பண நோட்டுகள் நிறைந்த சூட்கேஸைக் கைப்பற்றினார்களே, அந்த விவகாரத்தைக் கேட்டபோது என் சக ஊழியர் ஒருவர், "ஒரு பக்கம் ஒழுங்காக எழுதத் தெரிந்திருந்தால் அந்தப் பெட்டி தேவைப்பட்டிருக்காது" என்றார். சிரித்தோம். ஆனால் பதிவேட்டில் ஒரு குறை உண்டு. வந்தவர்களின் பெயர் அதில் இருக்கும். வராதவர்களுக்கு அதில் பத்தி கிடையாது.

ஒரே ஒரு முறை அந்த நாற்காலியில் ஆள் வந்து உட்கார்ந்ததைச் சொல்லிவிட்டு விடைபெறுகிறேன். மருந்துப் பெட்டிகளில் எச்சரிக்கையை எந்த அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற விதியைப் பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம். எழுத்தைப் பெரிதாக்கினால் பெட்டியும் பெரிதாகும், செலவு கூடும் என்பது எங்கள் தரப்பு வாதம். வழக்கம்போல எதிர்த்தரப்பின் பக்கத்தையும் எழுதி வைத்திருந்தேன். கூட்டம் தொடங்கும் நேரத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் உள்ளே வந்தார். கையில் ஒரு துணிப்பை. பேச அழைத்தபோது அவர் எதையும் பேசவில்லை. பையிலிருந்து ஒரு மருந்துப் பெட்டியை எடுத்துத் தலைமை அதிகாரியின் முன் வைத்து, "கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள் ஐயா" என்றார். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. "இதையும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று அந்த அம்மா ஒரு பூதக்கண்ணாடியை நீட்டினார்.

நாங்கள் தோற்றோம். என் ஒரு பக்கத் தாள் கோப்பிலிருந்து வெளியே வரவே இல்லை.

மறுநாள் என் வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்த அம்மாவை நம் பக்கம் வேலைக்கு எடுக்க முடியுமா, கேட்டுப் பாருங்கள்" என்றார். இரண்டு நாள் கழித்து, கேட்டேன், அவருக்கு விருப்பமில்லையாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் நான் கேட்கவே இல்லை.

நன்றி, வணக்கம்.